கொசுறாக வந்த பெட்டி

அத்தியாயம் 17

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் பாசிலியாவுக்குப் போணி ஆனது.

சாம்பல் நிற அல்பாக்கா நூல், இரண்டு உருண்டை. வாங்கியவள் பத்து நிமிஷம் நின்று பேரம் பேசி, அடக்க விலைக்கும் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பாசிலியா வாய்க்குள் திட்டினாளே தவிர, மறுக்கவில்லை. கைக்கு வந்த இருபது பொலிவியானோ தாளால் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போட்டு, தாளுக்கு ஒரு முத்தம் கொடுத்து, ஏப்ரனின் உள்பையில் செருகினாள்.

முதல் ஆள் வெறுங்கையோடு போகக் கூடாது. போனால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். விரோதியே வந்து நின்றாலும் சாத்தானே வந்து நின்றாலும் முதல் ஆள் முதல் ஆள்தான். முப்பது வருஷமாகப் பாசிலியா இதில் தவறியதில்லை.

இதில் இருபத்தொன்பதரை வருஷம் சாந்தா குரூஸில், பாவாடைத் துணிக் கடையில். கடைசி ஐந்து மாதம்தான் இங்கே, கொச்சபாம்பாவின் காஞ்சா சந்தையில், ஒன்றரை ஆள் அகலத்தில் ஒரு நூல் கடை. மாநகரத்தில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் ஏன் இங்கே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது நம்மோடு கூடவே பயணம் செய்பவர்களுக்குத் தெரியும். வழியில் ஏறியவர்களுக்காக இரண்டு வரி.

மூத்த மகள் டெல்சியின் புருஷன் ரோமுலோ. நான்கு பஸ் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவன். சபையில் அவனைப் போல் இனிக்கப் பேச ஆள் கிடையாது. வீட்டுக் கதவு சாத்தியதும் அவனே வேறு ஆள். டெல்சியின் இடது மணிக்கட்டு அந்தக் கதவில்தான் உடைந்தது. புகார் எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வீடு திரும்புவதற்குள், புகார்த் தாள் ரோமுலோவின் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்திருந்தது. எழுதி வாங்கிய அதிகாரி அவனோடு சனிக்கிழமைதோறும் சீட்டாடுகிறவன்.

மறுநாள் மத்தியானப் பஸ்ஸில், அவனுடையது அல்லாத ஒரு பஸ்ஸில், அம்மாவும் இரண்டு மகள்களுமாக மூன்று பெண்களும் மூன்று பையோடு ஏறினார்கள். அவர்கள் போனது தெரிந்ததும் ரோமுலோ, பாசிலியாவின் பூட்டிய கடை முன்னால் நின்று சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னானாம்: "எந்தப் பொந்துல போய் ஒளிஞ்சாலும் சரி. பேரு ஒண்ணு வெளிய வந்தா போதும். நான் வந்துருவேன்."

அன்றிலிருந்து டெல்சிக்குப் பெயர் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவள் கடைக்கு வருவாள். வாரம் முழுக்கப் பின்னிய பொம்மைகளோடு, நூல் மூட்டைகளுக்குப் பின்னால், முதுகைச் சந்துக்குக் காட்டி ஒரு முக்காலியில் உட்காருவாள். சந்தில் பெண்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவளுடைய ஊசி ஓடும். ஓர் ஆண் இருமினால் நின்றுவிடும். நின்ற ஊசி மறுபடி ஓடுவதற்கு ஆகும் நேரத்தைப் பாசிலியா மூச்சடக்கிக் கணக்கிடுவாள். ஐந்து மாதத்தில் அந்த நேரம் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தக் கொஞ்சம்தான் பாசிலியாவின் லாபம்.

இன்னொரு லாபமும் உண்டு. சின்னவள் விவி, நர்ஸ் படிப்பு படிக்கிறவள், அக்காவுக்கு ஒரு வலைப்பூ ஆரம்பித்துக் கொடுத்திருந்தாள். பெயர்: நூல்காரியின் கூடை. ஆர்மடில்லோ, லாமா, மரத்தில் தொங்கும் தேவாங்கு என்று பொம்மை பின்னுவது எப்படி என்பதை டெல்சி அதில் எழுதினாள். முகம் கிடையாது, பெயர் கிடையாது. கைகள் மட்டும்தான் படத்தில். எழுதுவது நூல்காரி. பேசத் தயங்கும் டெல்சி அங்கே மட்டும் வாய் ஓயாமல் பேசினாள். அறுபத்திரண்டு கட்டுரை.

போன வாரம் அதற்கு ஒரு கடிதம் வந்ததே, அங்கேதான் நிறுத்தியிருந்தோம். ஒரு நூல் கம்பெனியின் கொள்முதல் அம்மாள் எழுதியிருந்தாள். மாதம் நாற்பது பொம்மை எடுத்துக்கொள்ளலாமாம். ஆனால், 'உங்கள் வலைப்பூவை என் போனில் திறந்தால் முட்டை வெந்துவிடுகிறது, பக்கம் வரவில்லை. வியாழக்கிழமை என் முதலாளியிடம் காட்ட வேண்டும். அதற்குள் உடுப்பை மாற்றுங்கள்.'

உடுப்பு என்றால் டெம்ப்ளேட், பக்கத்தின் தோற்றம். இலவச உடுப்பு போதாது. விலைக்கு வாங்க வேண்டும்.

*

எட்டரை மணிக்கு ஹெர்லன் வந்தான். கம்ப்யூட்டர் கடைக்காரன். முப்பத்தைந்து வயது, தோளில் ஒயர் மாலை, கையில் மடிக்கணினி. வெளிநாட்டில் விற்கும் டெம்ப்ளேட்டைத் தன் கார்டில் வாங்கி, மாட்டியும் கொடுப்பான். இங்கே எத்தனை பேரிடம் கார்டு இருக்கிறது? அதில்தான் அவன் பிழைப்பு ஓடியது.

"நானூத்தி எண்பது, காசேரா," என்றான் உட்காருவதற்கு முன்பே. காஞ்சாவில் விற்கிறவளும் காசேரா, வாங்குகிறவளும் காசேரா. யார் யாரை ஏமாற்றப் போகிறார்கள் என்பது பேசி முடித்த பிறகுதான் தெரியும்.

"விலையை அப்புறம் சொல்லு. சரக்கைக் காட்டு."

அவன் திரையைத் திருப்பினான். வெள்ளைச் சுவர். ஜன்னலோரம் பூக்கிண்ணம். வெயில் விழுந்த மேஜையில் ஏதோ ஒரு சீமாட்டியின் வெள்ளை விரல்கள் ரோஜா நிற நூலைப் பிடித்திருந்தன.

விவி வாயைப் பிளந்தாள். "அம்மா, எவ்ளோ அழகு!"

"அழகுதான்," என்றாள் பாசிலியா. "இந்தப் படமெல்லாம் சேத்துத்தானே நானூத்தி எண்பது?"

ஹெர்லன் தொண்டையைச் செருமினான். உள்ளே டெல்சியின் ஊசி நின்று, மறுபடி ஓடியது.

"படம் கூட வராதுங்க. அது சும்மா காட்டறதுக்கு."

"அப்போ தராத சரக்கைக் காட்டித் தர்ற சரக்கை விக்கிறே. நான் துணி வித்தவ, ஹெர்லன். கடை பொம்மைக்கு மாட்டினா கோணிச்சாக்குகூட அழகாத்தான் இருக்கும். எங்க படத்தைப் போட்டுக் காட்டு."

விவி தன் போனிலிருந்து படங்களை அனுப்பினாள். சகாபாவில் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறையில், கட்டில் போர்வை மேல் வைத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த ஆர்மடில்லோ. வெள்ளை மாளிகைக்குள் அது நுழைந்ததும் மாளிகை கொஞ்சம் முகம் சுளித்தது. ஆனால் இடிந்து விழவில்லை. எழுத்து படிக்கிற மாதிரி இருந்தது. பொம்மை பொம்மையாகத் தெரிந்தது.

"ம். சாயம் போகலை," என்றாள் பாசிலியா. "இப்போ என் போன்ல திற."

"என் போன் இன்னும் நல்ல போன், காசேரா."

"அதனாலதான் உன் போன் வேண்டாங்கறேன்."

அவளுடைய போன் ஓரம் உடைந்தது. பத்து பொலிவியானோவுக்குக் காசு போட்டு ஓட்டுவது. கொள்முதல் அம்மாளின் வாடிக்கைக்காரிகள் எல்லாரும் வைத்திருப்பதும் அதே ஜாதிப் போன்தான். பாசிலியாவிடம் கைக்கடிகாரம் இல்லை; கர்த்தர் கற்பித்த ஜெபம் இருந்தது. முதலில் பழைய வலைப்பூவைத் தட்டிவிட்டு உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். ஆமென் வந்தது. அருள்நிறைந்த மரியே ஆரம்பித்து, அதிலும் பாதி தாண்டிய பிறகுதான் பக்கம் வந்தது. பிறகு புதியது. அன்றாட அப்பம் கேட்கிற இடத்துக்கு வருவதற்குள் ஆர்மடில்லோ வந்து நின்றது.

விவி கைதட்டினாள். பாசிலியா அவளை முறைத்தாள். வாங்குகிறவள் சந்தோஷப்பட்டால் விலை இறங்காது.

"இதை வாங்கிப் போட்டுக்கிட்டவங்க யாராவது இருக்காங்களா? விக்கிறவன் ஆளா இருக்கக் கூடாது."

சுக்ரேயில் சாக்லேட் செய்கிற ஒருத்தியின் பக்கத்தைக் காட்டினான் ஹெர்லன். விவி அவளுக்குச் செய்தி அனுப்ப, கால் மணியில் பதில் வந்தது. நல்ல சாமான்தான், எழுத்து மட்டும் எறும்பு சைஸ், மூன்று தடவை எழுதிக் கேட்டதும் வெளிநாட்டுக்காரன் சரிசெய்து கொடுத்தான், ஆறு மாதம்தான் கேட்க முடியும், அதற்கப்புறம் நீ யாரோ நான் யாரோ.

"புடிக்கலைன்னா கழட்டிட முடியுமா? கழட்டினா பழசு அப்படியே இருக்குமா, கூடச் சேர்ந்து கிழியுமா?"

"சட்டைதான் மாறும், உடம்பு அப்படியே இருக்கும். நீங்க துணிக்காரம்மா, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அப்போதுதான் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முதுகு திரும்பவில்லை.

"என் பேரு எங்கயாவது வருமா?"

ஹெர்லன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "டெம்ப்ளேட்டுக்கு உங்க பேரே தெரியாதுங்க அக்கா. நூல்காரின்னு நீங்க எழுதினா நூல்காரி. நமக்கு வேண்டாதது ஒரு எழுத்து வராது."

அவன் பொய் சொல்லவில்லை. நானூற்றுச் சொச்சம் கொடுத்து வாங்குகிற பொருளைப் பற்றி அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றாள் டெல்சி. அவன் நன்றாகவே பார்த்தான். முதல் பக்கம், கட்டுரைப் பக்கம், ஆர்டர் எழுதும் பாரம் எல்லாவற்றையும் திறந்து விவிக்கும் காட்டினான். எங்கும் நூல்காரிதான். டெல்சியின் ஊசி ஓட ஆரம்பித்தது.

பேரம் நானூறில் வந்து நின்றது. அதற்குக் கீழே போக ஹெர்லன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து மறுத்தான். விவிக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. "நல்ல சரக்கு, வாங்கிரு மா," என்று காதில் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

பாசிலியா பணத்தை எடுத்தாள். கொடுக்கவில்லை.

"சரி. கொசுறு?"

"கம்ப்யூட்டர்ல ஏது காசேரா கொசுறு?"

"சந்தைக்குள்ள வந்து வித்தே இல்ல? உருளைக்கிழங்குக்காரி கூட நாலு போடறா. சூப்பு ஊத்தறவ அரைக் கரண்டி ஊத்தறா. சாந்தா குரூஸ்ல என் கடையில எவ துணி எடுத்தாலும் ஒரு சாண் கூடக் கிழிச்சுத்தான் குடுப்பேன். பாசிலியா சாண்னே அதுக்குப் பேரு. கொசுறு இல்லாத வியாபாரம் விளங்காது. உனக்குத்தான் சொல்றேன்."

ஹெர்லன் தலையைச் சொறிந்தான். கொசுறு கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டு இந்தச் சந்தையில் யாரும் குடித்தனம் நடத்த முடியாது. யோசித்தான். முகம் மலர்ந்தது.

"ஒண்ணு போடறேன். கட்டுரைக்கு அடியில ஒரு பெட்டி வரும். எழுதினவங்களைப் பத்தி. ஓரத்துல கோடு போட்டு, ரொம்ப ஜோரா இருக்கும். வெளிய இதுக்கே நாப்பது வாங்கறேன்."

"போடு, போடு."

"நெட்டுல எல்லாரும் தேடற இடத்துக்கும் சொல்லி வெச்சுடறேன், பக்கம் புதுசா மாறியிருக்கு, வந்து பாருன்னு. சீக்கிரமா ஆளுங்க வருவாங்க."

"இதைத்தான் முதல்லயே செஞ்சிருக்கணும்," என்று பாசிலியா பணத்தைக் கொடுத்தாள். ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்தது. அவன் போன பிறகு அவள் தன் போனில் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஜெபம் அப்பத்தை எட்டுவதற்குள் வந்தது. நூல்காரியின் கூடை என்று மேலே கொட்டை எழுத்து. மனசு நிறைந்தது.

நானூறு கொடுத்து வாங்கியதை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், சும்மா வந்ததைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

*

மத்தியானம் கொள்முதல் அம்மாளிடமிருந்து செய்தி வந்தது. 'பிரமாதம். வியாழக்கிழமை காட்டிவிடுகிறேன். நாற்பது பொம்மைக்குத் தயாராகுங்கள்.'

பாசிலியா நிலக்கடலைச் சூப்பு இரண்டு கிண்ணம் வாங்கினாள். டெல்சி குடித்துவிட்டு, நாற்பது பொம்மைக்கு எத்தனை உருண்டை நூல் வேண்டும் என்று விரல்விட்டு எண்ணினாள். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். பக்கத்துப் பொத்தான் கடையில் ஓர் ஆண் பலமாகத் தும்மினான். பாசிலியா மூச்சடக்கினாள். ஊசி நின்றது; ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் ஓடியது.

ஐந்து மாதத்தில் இவ்வளவு சீக்கிரம் ஓடியது அன்றைக்குத்தான். பாசிலியா யாருக்கும் தெரியாமல் ஏப்ரன் பையைத் தொட்டுக்கொண்டாள். காலைப் போணி நல்ல போணி.

நாலு மணிக்கு விவி வந்தாள். பரீட்சை சுமார். காகிதத்தில் சுற்றிய சீஸ் எம்பனாடாவைக் கடித்துக்கொண்டே மூட்டை மேல் சாய்ந்து, போனில் வலைப்பூவைத் திறந்தாள். முதல் பக்கத்தில் நிற்காமல் ஆர்மடில்லோ கட்டுரைக்குள் போனாள். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே வந்தாள்.

கடித்தது வாயிலேயே நின்றது.

"அம்மா."

"என்னடி?"

"இது என்ன பெட்டி?"

"அதுவா? கொசுறு. அழகா இருக்குல்ல?"

விவி போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கட்டுரைக்கு அடியில், ஓரத்தில் கோடு போட்ட ஜோரான பெட்டி. அதற்குள் வட்டமாக ஒரு முகம். நீலக் கவுன், ஒற்றைப் பின்னல், கல்யாணமான மாதத்தில் ரோமுலோ எடுத்த படம். அருகில்:

டெல்சி வாகா ஃபுளோரெஸ். ஊர்: சகாபா, கொச்சபாம்பா.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் பாசிலியா. "அவன்தான் பேரே தெரியாதுன்னானே?"

"டெம்ப்ளேட்டுக்குத் தெரியாதும்மா. இது வேற சாமான். பிளாக் ஆரம்பிச்சப்போ அக்காவோட பழைய மெயில்லதான் ஆரம்பிச்சேன். அந்தக் கணக்குல பேரு, படம் எல்லாம் கிடந்துச்சு. நூல் பார்சல் வரணும்னு போன மாசம் நான்தான் ஊரையும் சேத்தேன். உள்ள பூட்டிக் கிடந்ததை இந்தப் பெட்டி இழுத்துட்டு வந்து வாசல்ல வெச்சிருக்கு. அறுபத்திரண்டு கட்டுரைக்கும் அடியில இருக்கு."

மூட்டைகளுக்குப் பின்னால் ஊசி நின்றிருந்தது.

"எடு," என்றாள் டெல்சி. "முதல்ல எடுடி."

விவி எடுத்தாள். இரண்டு நிமிஷ வேலை. இவ்வளவு சுலபமாகப் போகிற ஒன்று ஏழு மணி நேரம் உலகத்தின் வாசலில் தொங்கியிருக்கிறது என்று பாசிலியா விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது பத்திலிருந்து நாலு பத்து. அந்த ஏழு மணி நேரத்தில் அவள் சூப்பு குடித்தாள். பொத்தான்காரியிடம் வம்பளந்தாள். பையைத் தொட்டுத் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

"எத்தனை பேர் பாத்திருக்காங்க?"

வந்தவர்களின் கணக்கை விவி திறந்தாள். "தொண்ணூத்தி மூணு."

"சாந்தா குரூஸ்?"

"பதினொண்ணு." விவி அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "அது எப்பவும் வர்றதுதான்மா. அங்கயும் பின்னறவங்க இருக்காங்க. போன வாரம்கூட ஒன்பது பேர் வந்தாங்க."

"ஆமா. பின்னறவங்கதான்," என்றாள் பாசிலியா. பிடித்துக்கொள்ள ஒரு நூல் கிடைத்த மாதிரி இருந்தது. "பொம்பளைங்கதான்."

"என்ன தேடி வந்தாங்கன்னு இருக்குமே," என்றாள் டெல்சி. "அதைப் படி."

"எதுக்குக்கா..."

"படி."

விவி படித்தாள். "ஆர்மடில்லோ பொம்மை பின்னுவது. நாலு பேர். லாமா காது பின்னுவது எப்படி. மூணு. குழந்தைத் தொப்பி அளவு. ரெண்டு. ஊசி எண்..." நிறுத்தினாள்.

"அடுத்தது?"

"டெல்சி வாகா ஃபுளோரெஸ். ஒருத்தர்."

சந்தில் யாரோ ஆட்டுக்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழி விடு, வழி விடு என்ற குரல் போய் மறைந்ததும் விவி திரையை இன்னும் கீழே தள்ளினாள்.

"ஒண்ணு இருபதுக்கு வந்திருக்கான்," என்றாள் விவி. "சாந்தா குரூஸ். மூணு மணிக்குத்தான் போயிருக்கான். எல்லாத்தையும் படிச்சிருக்கான்கா. அறுபத்திரண்டையும்."

டெல்சி முதல் தடவையாக முக்காலியில் திரும்பினாள். கண் எங்கோ கணக்குப் பார்த்தது.

"லாமா கட்டுரையில யூகலிப்டஸ் மரம் எழுதினேன். ஜன்னலுக்கு எதிர்ல. தேவாங்குல..." இன்னொரு விரலை மடக்கினாள். "அம்மா கடை பொத்தான்காரங்க வரிசையில இருக்கு, பச்சைத் தகரக் கூரை, மழை பெஞ்சா ஆர்மடில்லோ முதுகு மாதிரி சத்தம் கேக்கும்னு எழுதினேன். செவ்வாய்க்கிழமை மட்டும் நானும் போவேன்னு எழுதினேன்."

"எதுக்குடி அதெல்லாம் எழுதினே!"

"யாரோ நூல்காரிதானேம்மா அது. டெல்சி இல்லையே."

திட்ட வேண்டியது யாரை என்று பாசிலியாவுக்குத் தெரியும். ஹெர்லனை அல்ல, அவன் தராத ஒன்றைப் பிடுங்கி வாங்கியது அவள். இருபத்தொன்பதரை வருஷம் ஒரு சாண் கூடக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை, ஒரு சாண் கூட வாங்கிப் பார்க்க ஆசைப்பட்டுவிட்டது. அவளுக்குச் சும்மா கிடைத்த சாண் மகளின் கழுத்து அளவாக இருந்தது.

"மூட்டையைக் கட்டு," என்றாள். "இன்னிக்கே கடையைச் சாத்தறோம். வேற எங்கயாவது போவோம். ஓருரோ. பொத்தோசி. எங்கயாவது."

"வியாழக்கிழமை?" என்றாள் விவி. "நாப்பது பொம்மை?"

"பொம்மையாடி இப்போ முக்கியம்?"

டிங் என்றது விவியின் போன்.

மூவரும் அதைப் பார்த்தார்கள். ஒரு சின்ன மணி ஓசை. புதிய டெம்ப்ளேட்டோடு முறையாக விலைக்கு வந்த ஆர்டர் பாரம் அது; காலையில் அவர்கள் எல்லாருமாகச் சோதித்து, நல்ல சாமான் என்று ஒத்துக்கொண்டது. நன்றாகவே வேலை செய்தது.

"ஆர்டர் வந்திருக்கு," என்றாள் விவி. திறக்காமல் அம்மாவைப் பார்த்தாள். "இதுதான் முதல் ஆர்டர்."

"படி," என்றாள் டெல்சி.

"பொம்மை: ஒண்ணு. பொண்ணு பொம்மை. உடுப்பு..." விவி அக்காவைப் பார்த்தாள். "நீலக் கவுன். தலை, ஒத்தைப் பின்னல்."

பாசிலியா மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்சல் வேண்டாமாம். நேர்ல வந்து வாங்கிக்கறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை. பேரு எழுதற இடத்துல 'ரோ'ன்னு மட்டும் இருக்கு. அடியில ஒரு குறிப்பு."

"குறிப்பைப் படி."

"நான்தான் முதல் ஆளுன்னு நினைக்கிறேன். கொசுறு உண்டுதானே, அத்தை?"

விவியின் கட்டைவிரல் அழிக்கும் பொத்தான் மேல் போய் நின்றது. டெல்சி எழுந்து வந்து அந்த விரலைப் பிடித்தாள். உடைந்து ஒட்டிய இடது கை.

"அழிக்காதே. அவன் கையால அவன் எழுதினது. தேதி, மணி எல்லாத்தோடயும் இருக்கு. இதைக் கிழிச்சுச் சட்டைப்பையில போட்டுக்க முடியாது அவனால."

இப்போது முகத்தைச் சந்துக்குக் காட்டி நின்றாள்.

பாசிலியாவின் கை தானாகவே ஏப்ரனின் உள்பைக்குப் போயிற்று. காலைப் போணித் தாள் அங்கேயே இருந்தது. வேர்வையில் நனைந்து, நாலாக மடிந்து.

முப்பது வருஷத்தில் அவள் முதல் ஆளை ஒரு நாளும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை.